கவுண்ட் எவ்வளவு?: நலத்திலும் நோயிலும் தட்டணுக்கள்



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நம் ஊர்க் காய்ச்சல் வார்டுகளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் காதில் விழும்: ‘கவுண்ட் எவ்வளவு?’ பெற்ற தாய் கேட்பார். வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் கேட்பார். பக்கத்துக் கட்டில்காரரின் துணைக்கு வந்தவரும் கேட்பார். ‘நேத்து எழுபது, இன்னிக்கு நாப்பது’ என்று பதில் வந்ததும் கேட்டவர் முகம் வாடிவிடும். ஆயிரம் என்ற சொல்லைக்கூட யாரும் சேர்த்துச் சொல்வதில்லை, அவ்வளவு பழகிப்போயிற்று. ரத்தத் தட்டணுக்கள், மக்கள் வழக்கில் பிளேட்லெட், இப்படி வீட்டுப் பேச்சாகிவிட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நோயைப் புரிந்துகொள்ளவும் முடியாது, சிகிச்சையை முடிவு செய்யவும் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

ஐந்து பேருடைய ரத்தப் பரிசோதனை அறிக்கையில் தட்டணு எண்ணிக்கை 80,000 என்று அச்சாகி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ரத்த தானம் செய்ய வந்த திடகாத்திரமான இளைஞர். பிறந்ததிலிருந்தே அவருக்கு அவ்வளவுதான். அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாமவர் எட்டு மாதக் கர்ப்பிணி. வேறு சிக்கல் எதுவும் இல்லையென்றால், பிரசவமான சில வாரங்களில் அவருடைய எண்ணிக்கை தானாக ஏறிவிடும். மூன்றாமவருக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தப் புற்றுநோய் தொடங்கியிருக்கிறது. நான்காமவர் அறுவை சிகிச்சைக்குப் பின் ஹெப்பாரின் மருந்து பெற்றுவருபவர். போன வாரம் அவருக்கு 3 லட்சம் இருந்தது. இவ்வளவு குறைந்தும் அவருக்கு ரத்தம் கசியாது, மாறாகக் கால் நாளத்தில் உறைந்து கட்டியாகும் ஆபத்து இருக்கிறது. ஐந்தாமவருக்கு உண்மையில் இரண்டரை லட்சம் தட்டணுக்கள் உள்ளன. சோதனைக் குழாய்க்குள் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் இயந்திரம் குறைத்து எண்ணிவிட்டது. ஐந்து பேரையும் பிரித்தறிய அந்த 80,000 நமக்கு உதவாது.

தட்டணு மிகச் சிறியது. அதன் குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர்தான். சிவப்பணுவின் பாதிகூட இல்லை. அதற்கு உட்கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற மிகப் பெரிய அணு இருக்கிறது. அது தன் உடலிலிருந்து நீளமான இழைகளை ரத்த நாளத்துக்குள் நீட்டும். ஓடும் ரத்தம் அந்த இழைகளைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு போகும். அந்தத் துண்டுகளே தட்டணுக்கள். ஒரு மெகாகேரியோசைட் ஆயிரக்கணக்கில் தட்டணுக்களை உதிர்க்கிறது. நலமாக இருக்கும் ஒருவர் உடலில் நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி தட்டணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள்வரை வாழ்கிறது. எந்த நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். மஜ்ஜையை உற்பத்திக்குத் தூண்டும் த்ராம்போபொயட்டின் என்ற ஹார்மோனைக் கல்லீரல் சுரக்கிறது. இந்த ஹார்மோன் அடையாளம் காணப்பட்டது 1994-இல்தான்.

இவ்வளவு சிறிய பொருளைக் கண்டுகொள்ளவே மருத்துவத்துக்கு வெகுகாலம் பிடித்தது. 1865-இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷூல்ட்ஸே ரத்தத்தில் இந்தத் துகள்களைக் கண்டு எழுதினார். 1870-களில் வில்லியம் ஆஸ்லர் அவற்றை ஆராய்ந்தார். ஆனாலும் இவை சிவப்பணுக்களின் சிதைவா, கிருமிகளா என்ற குழப்பம் நீடித்தது. இத்தாலியின் தூரின் நகரத்தில் கியூலியோ பிட்ஸொஸெரோ என்ற பேராசிரியர் 1882 வாக்கில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். ரத்தத்தை வெளியே எடுத்துப் பார்க்காமல், உயிரோடிருக்கும் விலங்கின் குடல்சவ்வு நாளங்களில் ரத்தம் ஓடுவதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். நாளச் சுவர் காயப்பட்ட இடத்தில் இந்தத் துகள்கள் முதலில் போய் ஒட்டுவதையும், ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து அடைப்பதையும் கண்டார். இன்று நாம் பாடநூலில் இரண்டு பக்கம் எழுதும் செய்தியை அவர் நேரில் பார்த்துவிட்டார். அவை மெகாகேரியோசைட்டிலிருந்து பிறக்கின்றன என்பதை 1906-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹோமர் ரைட் காட்டினார். அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நாங்களெல்லாம் நினைத்திருந்தபோது, 2017-இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் எலிகளின் நுரையீரல் நாளங்களில் மெகாகேரியோசைட்டுகள் தங்கித் தட்டணுக்களை உதிர்ப்பதைப் படம்பிடித்தார்கள். எலியின் தட்டணுக்களில் பாதியளவு அங்கேதான் உண்டாகிறதாம்.

நலமாக இருப்பவர்களிடையே இருக்கும் வேறுபாட்டை முதலில் பார்ப்போம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை என்பது இயல்பு நிலை. இது எவ்வளவு அகன்ற எல்லை என்று பாருங்கள்: கீழ் எல்லையைப் போல் மூன்று மடங்கு மேல் எல்லை. ஆனால் தனியொருவரை எடுத்துக்கொண்டால் அவருடைய எண்ணிக்கை ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கிறது. ஒருவருக்கு 1.8 லட்சம் வழக்கம், இன்னொருவருக்கு 3.6 லட்சம் வழக்கம். பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்றுக் கூடுதல். வயது ஏற ஏற மெல்லக் குறையும். ஆகவே 3.6 லட்சம் வழக்கமாக உள்ளவருக்கு 1.6 லட்சம் என்று வந்தால் ஆய்வகம் அதை இயல்பு என்று அச்சிடும். ஆனால் அவருடைய உடலில் பாதிக்கு மேல் தட்டணுக்கள் குறைந்துவிட்டன. பழைய அறிக்கையைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள் என்று நான் நோயாளிகளிடம் மன்றாடுவது இதனால்தான். புதிய பரிசோதனைகள் பலவற்றைவிட ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு காகிதம் எனக்கு அதிகம் சொல்லும்.

நம் வேலூரிலிருந்து கிடைத்த ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஏராளமானோர் சிகிச்சைக்கு வருவது உங்களுக்குத் தெரியும். அப்படி மேற்கு வங்கத்திலிருந்து வந்து ரத்தம் கொடுத்தவர்களைத் தென்னிந்தியக் கொடையாளர்களோடு அங்குள்ள மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணிசமான வங்காளக் கொடையாளர்களுக்குத் தட்டணு எண்ணிக்கை 1.5 லட்சத்துக்குக் கீழே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தட்டணுவும் பெரியது. ரத்தக் கசிவு எதுவும் அவர்களுக்கு இல்லை. தட்டணுக்கள் வேலையும் சரியாகச் செய்தன. 2002-இல் வெளியான இந்தக் கண்டறிதல் பின்னர் ஹாரிஸ் தட்டணு நிலை என்று பெயர் பெற்றது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் உருவம் பெரிதாக இருப்பதால் மொத்தத் தட்டணுப் பொருள் உடலுக்குப் போதுமானதாக இருக்கிறது. இதை அறியாமல், இப்படிப்பட்ட ஒருவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, மஜ்ஜையில் ஊசி போட்டு, மண்ணீரலைக்கூட எடுத்துவிடும் அபாயம் இருக்கிறது. நலமாக இருப்பவரை நோயாளி ஆக்குவதைப் போன்ற கொடுமை மருத்துவத்தில் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, எண்ணும் முறை. வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற உத்திதான் இன்றும் பெரும்பாலான இயந்திரங்களுக்கு அடிப்படை. ஒரு நுண்துளை வழியாக அணுக்கள் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது மின்தடை மாறும். மாற்றத்தின் அளவைக் கொண்டு இயந்திரம் அணுவின் பருமனைக் கணிக்கும். சிறியவை தட்டணு, பெரியவை சிவப்பணு என்று பிரிக்கும். அதற்கு வேறெதுவும் தெரியாது. சிவப்பணு உடைந்த துணுக்கைத் தட்டணு என்று எண்ணும். பூதாகாரமான தட்டணுவைச் சிவப்பணுக் கணக்கில் சேர்க்கும். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளால் சிலருடைய தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஒரு கொத்தில் இருபது இருந்தாலும் இயந்திரம் அவற்றைத் தட்டணுக் கணக்கிலேயே சேர்க்காது. ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி நேரலாம். சிட்ரேட் குழாயில் மீண்டும் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை வெளிப்பட்டுவிடும்.

அதைவிட நம்பகமான வழி, ஸ்மியர் பார்ப்பது. மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் ஒரு சிறு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு சில்லைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் நாக்கு வடிவத்தில் மெல்லிய பூச்சு விழும். உலர்ந்ததும் லீஷ்மன் சாயம். பிறகு எண்ணெய்ச் சொட்டு வைத்து 100 மடங்கு லென்ஸைத் திருப்புங்கள். இளஞ்சிவப்புச் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவற்றுக்கிடையே ஊதா நிறத்தில், நடுவில் மணல் தூவியது போன்ற பொடிகளோடு இருப்பவை தட்டணுக்கள். பத்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுத்து 15,000-ஆல் பெருக்குங்கள். சராசரி 15 என்றால் ஏறத்தாழ 2,25,000. பிறகு அவசியம் பூச்சின் வால் நுனிக்குப் போங்கள். கொத்துகள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். அதன்பின் உருவத்தைப் பாருங்கள். சிவப்பணு அளவுக்குப் பெரிய தட்டணுவா? அப்படியானால் வெள்ளையணுக்களில் வெளிர்நீலத் திட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது மே-ஹெக்லின் வகைப் பரம்பரை நிலையாக இருக்கலாம். ஆண் குழந்தைக்கு எக்சீமாவும் அடிக்கடி கிருமித்தொற்றும் இருந்து, தட்டணுக்கள் பொடிப்பொடியாகக் குறுகியிருந்தால் விஸ்காட்-ஆல்ட்ரிச் நோயை நினையுங்கள். பொடிகளே இல்லாமல் சாம்பல் நிறத்தில் வெளிறியிருந்தால் அது வேறொரு பரம்பரைக் குறை. உடைந்த சிவப்பணுத் துணுக்குகள் தென்பட்டால் உடனே எழுந்து போய் வார்டு மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இத்தனையும் மிகக் குறைந்த செலவில் தாலுகா மருத்துவமனையிலேயே செய்யக்கூடியவை.

தட்டணு உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று உறுதியானால், ஏன் என்று கேட்க வேண்டும். ஏரியில் தண்ணீர் குறைந்தால் வரத்துக்கால் தூர்ந்துவிட்டதா, கரை உடைந்து போகிறதா, பக்கத்துக் குளத்தில் தேங்கி நிற்கிறதா என்று ஊரார் பார்ப்பார்களே, அதே மூன்று கேள்விகள்தான். மஜ்ஜையில் உற்பத்தி குறைவது ஒன்று: ரத்தப் புற்றுநோய், மஜ்ஜை வறண்டுபோகும் ஏப்ளாஸ்டிக் அனீமியா, பி12 வைட்டமின் பற்றாக்குறை. மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தன்னிடமே வைத்துக்கொள்வது இன்னொன்று. நாள்பட்ட கல்லீரல் சுருக்க நோயில் இதைப் பார்க்கிறோம். வெளியே அழிக்கப்படுவது மூன்றாவது. அதன் முதன்மையான உதாரணம் ஐ.டி.பி., அதாவது உடலின் எதிர்ப்பாற்றலே தன் தட்டணுக்களை அழிக்கும் நோய்.

இந்த நோயின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. ஹானோவர் நகரத்து மருத்துவர் பால் வெர்ல்ஹாஃப், ஓர் இளம்பெண்ணின் உடலில் தோன்றிய செந்நிறப் புள்ளிகளையும் ரத்தக் கசிவையும் 1735-இல் பதிவு செய்தார். அப்போது தட்டணு என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. 1916-இல் பிராக் நகரத்தில் பால் கஸ்நெல்சன் என்ற மருத்துவ மாணவர், தட்டணுக்களை அழிப்பது மண்ணீரலாக இருக்கலாம் என்று யோசித்து, அதை எடுத்துப் பாருங்கள் என்று அறுவை மருத்துவரான தன் பேராசிரியரிடம் வற்புறுத்தினார். எடுத்தார்கள்; அறுவைக்கு உள்ளான நோயாளிப் பெண்ணின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அழிவு எதனால் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. 1950-இல் செயின்ட் லூயி நகரத்தில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் ஒரு காரியம் செய்தார். ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய தட்டணுக்கள் அறவே இல்லை என்னும் அளவுக்குச் சரிந்தன. அவருக்கு வலிப்பும் வந்தது. அடுத்த சில நாள்களில் எண்ணிக்கை மீண்டது. நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொருள் தட்டணுக்களை அழிக்கிறது என்பது அத்தோடு நிரூபணமானது. அவருடன் பணியாற்றியவர்களும் அடுத்தடுத்துத் தங்கள் உடலை இந்தச் சோதனைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பொருள் எதிர்ப்பொருள் என்று பின்னாளில் தெளிவானது. இன்றைய விதிமுறைகள் இப்படியொரு சோதனையை அனுமதிக்க மாட்டா, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் என் நோயாளிகள் இன்று பெறும் சிகிச்சையின் அடித்தளம் அந்த மனிதர்களின் உடலில் இடப்பட்டது என்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

ஐ.டி.பி.யில் ஒரு விந்தை உண்டு. 8,000, 10,000 என்று எண்ணிக்கை இருக்கும். தோலில் சில புள்ளிகளைத் தவிர நோயாளி நன்றாகவே இருப்பார். அதே 8,000 ரத்தப் புற்றுநோயாளிக்கு என்றால் நாங்கள் பதறிவிடுவோம். ஐ.டி.பி.யில் மஜ்ஜை விழித்துக்கொண்டு புதிய, பெரிய, சுறுசுறுப்பான தட்டணுக்களை வெளியே அனுப்புகிறது. எண்ணிக்கை குறைவு, வீரியம் அதிகம். வைரஸ் காய்ச்சல் வந்துபோன ஒன்றிரண்டு வாரத்தில் குழந்தைகளுக்கு வரும் ஐ.டி.பி. ஐந்தில் நான்கு பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே தீர்ந்துவிடுகிறது. அதனால், குழந்தைக்குத் தோல் புள்ளிகள் மட்டுமே இருந்தால், எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மருந்தில்லாமல் கண்காணிப்பதே இன்றைய நெறி. பெரியவர்களுக்கு 30,000-க்குக் கீழே போனால் பொதுவாகச் சிகிச்சை தொடங்குகிறோம். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், 2008-இல் வந்த எல்ட்ராம்போபாக், ரோமிப்ளோஸ்டிம் என்று வழிகள் பெருகியிருக்கின்றன. கடைசி இரண்டும் த்ராம்போபொயட்டினைப் போல மஜ்ஜையைத் தூண்டுபவை.

இனி, எண் முற்றிலும் சரியாக இருந்தும் ரத்தம் நிற்காத நோய். ஏழு வயதுச் சிறுமி. நாலைந்து நாளுக்கு ஒருமுறை மூக்கிலிருந்து ரத்தம். ‘எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு சொல்றாங்க டாக்டர், ஆனா பாதி ராத்திரி தலையணை நனைஞ்சு கிடக்கு’ என்றார் தாய். சூடு என்று சொல்லி இளநீரும் மோரும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். தட்டணு 2.8 லட்சம். அப்பாவுக்கு அம்மா சொந்த மாமன் மகள். இந்தக் கடைசிச் செய்தி கிடைத்ததும் விரல் நுனியில் குத்தி, எந்த வேதிப்பொருளும் கலக்காமல் நேரடியாக ஸ்மியர் இழுத்தோம். அப்படி இழுத்தால் நலமான ஒருவரின் தட்டணுக்கள் ஒன்றையொன்று பற்றிக் கொத்தாக இருக்கும். இந்தக் குழந்தையின் சில்லில் ஒன்றுகூட இன்னொன்றைத் தொடவில்லை. எங்கு பார்த்தாலும் தனித்தனியாக, ஒழுங்கான உருவத்தோடு கிடந்தன. கண்ணாடிக் குழாயில் வைத்த ரத்தம் உறைந்தது; ஆனால் நேரமாகியும் உறைகட்டி சுருங்கவில்லை, சீரம் பிரியவில்லை.

சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் எட்வார்ட் கிளான்ஸ்மன் 1918-இல் கவனித்து எழுதியதும் இதைத்தான். இந்நோய் அவர் பெயரால் வழங்குகிறது. ஒவ்வொரு தட்டணுவின் மேலும் ஏறத்தாழ 80,000 கொக்கிப் புரதங்கள் உண்டு. ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு பக்கத்துத் தட்டணுவோடு இணைவது அவற்றின் வேலை. அந்தக் கொக்கிகள் இல்லாமலோ பழுதாகவோ பிறப்பதுதான் கிளான்ஸ்மன் நோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். ஆகவே உறவுக்குள் மணம் புரியும் சமூகங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. உலக மருத்துவ நூல்கள் அத்தகைய சமூகங்களைப் பட்டியலிடும்போது தென்னிந்தியரைத் தவறாமல் குறிப்பிடுகின்றன. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம்மிடம் உரிமை என்றே கருதப்பட்டுவந்தது. அந்தக் குடும்பங்களை இகழும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு குழந்தைக்கு இப்படி ரத்தம் நிற்காத நோய் இருப்பது தெரிந்தபின், அடுத்த திருமணத்துக்கு முன்னும் அடுத்த கர்ப்பத்துக்கு முன்னும் மரபணு ஆலோசனை பெறுங்கள் என்று கூச்சமில்லாமல் சொல்ல வேண்டியது மருத்துவர் கடமை. பெண் குழந்தைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: பூப்பெய்தும்போது வரும் முதல் ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். எட்டு, ஒன்பது வயதிலேயே தாயிடம் இதைப் பேசி, எந்த மருத்துவமனைக்கு ஓட வேண்டும், எந்த மருந்து வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சிறுமியின் தாயிடம் நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம்.

அரிய நோய்க்கு இவ்வளவு நேரமா என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கொக்கி இல்லாவிட்டால் தட்டணுக்கள் ஒட்டாது என்பதைப் புரிந்துகொண்டதால்தான், மாரடைப்பில் இதய நாளத்தை அடைக்கும் கட்டியைத் தடுக்க அதே கொக்கியை மருந்தால் மூடலாம் என்று அமெரிக்காவின் பேரி காலர் யோசித்தார். அப்படி வந்ததே 1994-இல் அனுமதி பெற்ற அப்சிக்சிமாப். ஆஸ்பிரினும் தட்டணுவின் எண்ணைத் தொடாமல் அதன் செயலை முடக்கும் மருந்துதான். தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் முடங்கிய நொதியை அதனால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. அதன் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லும்போது ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

உடைந்த சிவப்பணுத் துணுக்குகளைக் கண்டால் எழுந்து ஓடுங்கள் என்றேன். டி.டி.பி. என்ற நோயை மனத்தில் வைத்துச் சொன்னேன். 1924-இல் நியூயார்க்கில் எலி மாஷ்கோவிட்ஸ் ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் இதை முதலில் விவரித்தார். ரத்தத்தில் ஓடும் ஒட்டுப் புரதச் சங்கிலியை அளவாக நறுக்கும் நொதி இல்லாமல் போகிறது. நறுக்கப்படாத நீண்ட சங்கிலியில் தட்டணுக்கள் ஒட்டி, மூளை, சிறுநீரகம் என்று எங்கும் நுண்நாளங்களை அடைக்கின்றன. அந்த அடைப்பில் மோதிச் சிவப்பணுக்கள் உடைகின்றன. எண்ணிக்கை 15,000 என்று வரும். குறைகிறதே என்று தட்டணு ஏற்றினால் அடைப்பு கூடவும் வாய்ப்பு உண்டு. வேண்டியது பிளாஸ்மா மாற்றம். அது இல்லாத காலத்தில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். இப்போது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

எண்ணிக்கை கூடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5, 6 லட்சம் என்று வந்தால் நம் நாட்டில் முதலில் தேட வேண்டியது இரும்புச் சத்துக் குறைவும் கிருமித்தொற்றும்தான். மாதவிடாய் மிகுதியால் ரத்தம் இழந்து சோர்ந்து வரும் பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். இரும்பு மாத்திரை கொடுத்தால் தட்டணுவும் இறங்கிவிடும். காரணம் இல்லாமல் கூடிக்கொண்டே போனால் மஜ்ஜையின் மரபணுவில் மாற்றம் நேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். 2005-இல் கண்டறியப்பட்ட ஜே.ஏ.கே.2 மாற்றம் இப்படிப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. பாதம் சிவந்து எரிகிறது என்று வருவார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினில் அந்த எரிச்சல் அடங்கிவிடும். ஆனால் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகலாம். மிகுதியான தட்டணுக்களே ஒட்டுப் புரதத்தை உறிஞ்சித் தீர்த்துவிட, ரத்தக் கசிவு தொடங்கும். அப்போது ஆஸ்பிரின் கொடுப்பது ஆபத்து.

தட்டணு ஏற்றும் சிகிச்சைக்கு வருகிறேன். 1950-களில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் பெரும்பாலும் ரத்தம் கசிந்தே இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரைக்கும் அவர் குழுவினரும் தட்டணுக்களை ஏற்றி அந்தக் கசிவை நிறுத்த முடியும் என்று காட்டினார்கள். 1962-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், எண்ணிக்கை குறையக் குறையக் கசிவு கூடுகிறது, ஆனால் இந்த எண்ணுக்குக் கீழே ஆபத்து என்று கோடு கிழிக்க இயலவில்லை என்று தெளிவாகவே எழுதினார்கள். ஆனாலும் உலகம் 20,000 என்று ஒரு கோட்டைத் தானாகவே கிழித்துக்கொண்டது. 1997-இல் இத்தாலிய ஆய்வு ஒன்று, கசிவோ காய்ச்சலோ இல்லாத ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு 10,000 வரை காத்திருப்பது பாதுகாப்பானது என்று காட்டிய பிறகே அந்தக் கோடு கீழே இறங்கியது.

டெங்குவில் இந்தப் பாடம் நமக்கு இன்னும் வந்து சேரவில்லை. டெங்குக் காய்ச்சலில் முதலில் வைரஸ் மஜ்ஜையை அடக்குகிறது. பிறகு எதிர்ப்பாற்றலும் நாளச் சுவரின் பாதிப்பும் தட்டணுக்களை அழிக்கின்றன. காய்ச்சல் விடும் நேரத்தில், ஏறத்தாழ 4 முதல் 7-ஆம் நாளுக்குள், எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். பெரும்பாலோருக்கு அதன்பின் தானாகவே ஏறும். இந்த நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு இல்லை. நாளச் சுவர் வழியாக பிளாஸ்மா வெளியே கசிந்து, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுவதே பெரும் ஆபத்து. அதைக் காட்டும் எண் அறிக்கையின் இன்னொரு வரியில், பி.சி.வி. என்ற பெயரில் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறுகளில் கசிவு, மயக்கம், சிறுநீர் குறைவு ஆகியவற்றோடு பி.சி.வி. ஏறினால் கவுண்ட் 90,000 இருந்தாலும் அவர் ஆபத்தில் இருக்கிறார். இவை எதுவும் இல்லாமல் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பவருக்கு 25,000 இருந்தாலும் அவரைக் கண்காணித்தால் போதும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரினோ ப்ரூஃபெனோ வேண்டாம். இருக்கும் கொஞ்சத் தட்டணுவின் செயலையும் அவை கெடுத்துவிடும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-உம் அதற்குக் குறைவும் இருந்த 372 டெங்கு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2017-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பாதிப் பேருக்குக் கசிவு தொடங்குமுன்பே தட்டணு ஏற்றினார்கள்; மீதிப் பேருக்கு ஏற்றவில்லை. ஏற்றியவர்களில் 21 சதவீதம், ஏற்றாதவர்களில் 26 சதவீதம் பேருக்குக் கசிவு ஏற்பட்டது. புள்ளியியல்படி இது வேறுபாடே இல்லை. ஆனால் தட்டணு ஏற்றியவர்களிடம்தான் ஒவ்வாமை முதலான பக்கவிளைவுகள் கூடுதலாக இருந்தன.

பயன் இல்லையென்றால் போகட்டும், ஏற்றினால் என்ன என்று கேட்கும் உறவினர்களை நான் அன்றாடம் சந்திக்கிறேன். என்ன என்று சொல்கிறேன். தட்டணுவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இயந்திரம் ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்க, 5 நாள்தான் வைத்திருக்கலாம். மழைக்காலத்தில் ரத்த வங்கியில் இருக்கும் பைகளெல்லாம் காய்ச்சல் வார்டுக்குப் போய்விட்டால், கீமோதெரபி முடித்து 6,000 தட்டணுவோடு ஈறெல்லாம் கசியப் படுத்திருக்கும் புற்றுநோய்க் குழந்தைக்குப் பை கிடைக்காது. மஜ்ஜை வறண்ட இளைஞருக்குக் கிடைக்காது. இந்த இருவருக்கும் தட்டணு உடனே தானாக ஏற வழி இல்லை. ஒரே கொடையாளரிடமிருந்து எடுக்கும் எஸ்.டி.பி. பைக்காக அவர்களுடைய அப்பாக்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இரவெல்லாம் கெஞ்சிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே இருக்கும் ஆய்வகப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: தட்டணு 1 லட்சத்துக்குக் கீழே வரும் அறிக்கை எதுவும் ஸ்மியர் குறிப்பு இல்லாமல் வெளியே போகக் கூடாது. கொத்து இருக்கிறதா, உருவம் எப்படி, சிவப்பணுத் துணுக்கு உண்டா என்று மூன்று வரி எழுதினால் போதும். வார்டு மருத்துவர்கள் தட்டணுப் பைக்குச் சீட்டு எழுதும்போது எண்ணோடு காரணத்தையும் எழுதுங்கள். கசிவு எங்கே, பி.சி.வி. எவ்வளவு என்று குறிப்பிடுங்கள். உடல்நலம் உள்ள இளைஞர்கள் எஸ்.டி.பி. கொடையாளர் பட்டியலில் பெயர் கொடுங்கள். அந்த இயந்திரம் உங்கள் ரத்தத்திலிருந்து தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மற்றதை உங்களுக்கே திருப்பித் தந்துவிடும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். கொடுத்த தட்டணுக்களைச் சில நாள்களுக்குள் உங்கள் மஜ்ஜை ஈடுசெய்துவிடும். பெயர்ப் பதிவுக்கான படிவங்கள் அரங்கின் வாயிலருகே உள்ள மேசையில் இருக்கின்றன.